கடலோடியின் சொல்லையும் கருவியின் அளவையும் சேர்த்துப் படிக்கும் முறை

குமரிக் கடல் எப்படி மாறிவருகிறது என்பதை ஆராய முனையும் மாணவர்கள், கேள்வித்தாளோடு கரைக்குப் போவதை முதலில் நிறுத்த வேண்டும். ‘தட்பவெப்பம் மாறியிருக்கிறதா?’ என்று கேட்டால் எவரும் ஆம் என்றே சொல்வார். அதில் ஒன்றும் கிடைக்காது. முட்டத்திலோ குளச்சலிலோ வலை பழுதுபார்க்கும் முதியவரின் அருகில் உட்கார்ந்து, ‘பாட்டா, கச்சான் காத்து இப்ப எந்த மாசம் எழும்புது? முன்ன எப்ப எழும்பும்?’ என்று கேளுங்கள். ஆண்டு நினைவில்லை என்பவரும் சுனாமிக்கு முன்பா, ஒக்கிக்குப் பின்பா என்றால் சொல்லிவிடுவார். 2004, 2017 என்ற எண்களை நீங்கள் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். கச்சானை ‘மேற்குக் காற்று’ என்று குறிப்பேட்டில் மாற்றிவிட்டால், அதனோடு வரும் நீரோட்டமும் அப்பருவத்து மீனும் விடுபட்டுப்போகும். மலைமுகட்டையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் பார்த்துக் கடலடிப் பாரின் (பாறைத்திட்டின்) இடத்தைக் கணிப்பவர் உங்களைப் படகில் ஏற்றிக்கொண்டால், ஜிபிஎஸ் அளவைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பார் அவருடைய பிழைப்பு என்பதால், அவர் அனுமதியின்றி வெளியிடக் கூடாது.

இதற்குப் பிறகே கருவிகளின் தரவை எடுக்க வேண்டும். செயற்கைக்கோள் கடலின் மேற்பரப்பு வெப்பத்தை மட்டுமே அளக்கும். ஆழத்திலிருந்து குளிர்ந்து ஏறிவரும் வலையைத் தொட்டவரின் கை வேறொன்றைச் சொல்லலாம். இரண்டும் வேறு ஆழங்களைப் பற்றியவை என்பதால், முரண் என்று அவசரப்பட வேண்டாம்.

இரண்டும் பொருந்தும் இடத்துக்குக் கள்ளக்கடலே நல்ல சான்று. காற்றே இல்லாத நாளில் கடல் திருடனைப் போலக் கரையேறுவதை மீனவர் இப்பெயரால் அழைத்தனர். தென் இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்களின் அலைகள் பல நாள் பயணித்து இங்கே வந்து சேர்வதே காரணம் என்று அறிவியல் விளக்கியது. 2012இல் யுனெஸ்கோ அச்சொல்லையே ஏற்றது.

பொருந்தாத இடத்தில் என்ன செய்வது என்பதை ஆர்க்டிக்கில் கற்கலாம். போஹெட் திமிங்கிலங்கள் மிகக் குறைந்துவிட்டன என்ற கணக்கை வைத்து, 1977இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் அலாஸ்காவின் இன்யூப்பியாட் பழங்குடி மக்களின் வேட்டைக்குத் தடை விதித்தது. பனிக்கட்டிக்கு அடியிலும், கண்ணுக்கெட்டாத தொலைவிலும் அவை கடந்துபோகின்றன என்று வேட்டையாடிகள் சொன்னார்கள். பின்னர் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது, கண்ணால் எண்ணியதைவிடப் பல மடங்கு திமிங்கிலங்கள் இருந்தது தெரிந்தது. ஆகவே முரண்படும்போது, கருவி எங்கே நின்று பார்த்தது என்பதை முதலில் சோதியுங்கள்.

எழுதி முடித்ததை அதே பாட்டாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் திருத்தினால், பழைய வரியை அழிக்காமல் பக்கத்திலேயே தேதியிட்டுத் திருத்தத்தை எழுதுங்கள்.