கரண்ட் போய் வந்தால் மறுபடியும் தலைப்பு வரி

திருகோணமலையில் ஒரு மீன் குளிரறையின் வெப்பநிலையைப் பைதான் நிரல் ஒன்று லாக் பைலில் பதிகிறது. கரண்ட் போய் வந்தால் ‘நேரம், வெப்பநிலை’ என்ற தலைப்பு வரி பைலின் நடுவில் மறுபடி விழும். எக்செல் வரைபடம் குழம்பிவிடும்.

பைதானில் லாக் வரிகளைப் பைலில் எழுதும் பகுதியான பைல் ஹேண்ட்லர் இயல்பாகவே பழைய பைலின் முடிவில் சேர்த்து எழுதும். தலைப்பை எழுதும் வரியோ நிரல் தொடங்கும்போதெல்லாம் ஓடும். பைல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது: வெறும் பைல் உருவானதும் கரண்ட் போனால் அப்புறம் தலைப்பே வராது. அதனால் பைல் நிரம்பினால் புதியதைத் திறக்கும் வகையான ரொட்டேட்டிங் பைல் ஹேண்ட்லரை அடிப்படையாக வைத்து ஒரு கிளாஸ் (நிரல் அச்சு) எழுதி, அதில் பைலைத் திறக்கும் மெதடுக்குள்ளேயே (செயல்பகுதி) பைலின் அளவைப் பார்த்து, 0 பைட் என்றால் மட்டும் தலைப்பு எழுத வைத்தேன். பைல் நிரம்பிப் புதியது திறக்கும்போதும் இதே மெதட்தான் ஓடும் என்பதால் அங்கும் தலைப்பு தானாக வருகிறது.

கரண்ட் போகும்போது பாதியில் அறுந்த வரிகளுக்கு இது மருந்தல்ல, அது வேறு வழக்கு.