லினக்ஸில் மைக் பதிவாகவில்லையா? கீழிருந்து தேடிப் பாருங்கள்

பாட்டு நன்றாகக் கேட்கிறது, ஆனால் மைக்கில் பேசினால் ஒன்றுமே பதிவாவதில்லை. உடனே டிரைவரை அழித்துவிட்டு மறுபடி நிறுவக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள், பெரும்பாலும் அதற்கு அவசியமே இருக்காது. மைக்கிலிருந்து வரும் ஒலி முதலில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் உள்ள அல்சா என்ற ஒலி டிரைவருக்குப் போகிறது. அப்புறம் ஒலியைச் செயலிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ, கடைசியில்தான் செயலி. எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

படி 1: கருவி தெரிகிறதா?

டெர்மினலில் ‘ஏரெக்கார்ட்’ கட்டளையை (ரெக்கார்ட் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு ஏ, எல்லாம் சிறிய எழுத்தில்), இடைவெளி விட்டு ஒரு சிறுகோடும் சிறிய எல்லும் சேர்த்து ஓட்டுங்கள். பதிவு செய்யக்கூடிய கருவிகளின் பட்டியல் வரும். யூஎஸ்பி மைக் அதில் இல்லையென்றால் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். புதிய இன்டெல் லேப்டாப்பின் உள் மைக் வரவில்லையென்றால், அதன் ஒலிச் சிப்புக்குத் தேவையான சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் பொதியை நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

படி 2: அல்சாமிக்சர்

பலரும் தடுமாறுவது இங்கேதான். அல்சாவின் ஒலி அளவுகளை மாற்றும் இந்தக் கருவியை டெர்மினலில் திறந்ததும் ஓரிரு பட்டைகள் மட்டும் தெரியலாம். அது உண்மையான கார்டு அல்ல. எஃப்6 அழுத்தி உங்கள் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எஃப்4 அழுத்தினால் பதிவுக்கான பட்டைகள் வரும். கேப்சர் பட்டைக்குப் போய் ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். சிவப்பில் கேப்சர் என்று தெரிந்தால் அது இயங்குகிறது. மேல் அம்புக்குறியால் அளவைக் கூட்டுங்கள். இன்புட் சோர்ஸ் என்று ஒன்று இருந்தால், முன் மைக்கா பின் மைக்கா என்று சரிபாருங்கள். மைக் பூஸ்ட்டை மட்டும் அளவோடு வையுங்கள், ஏற்றிவிட்டால் இரைச்சல்தான் மிஞ்சும்.

படி 3: பாவுகண்ட்ரோல்

இது பைப்வயர், பல்ஸ்ஆடியோவின் ஒலி அமைப்புகளை மாற்றும் ஜன்னல் செயலி, தனியாக நிறுவ வேண்டியிருக்கலாம். கான்ஃபிகரேஷன் தாவலில் ப்ரொஃபைல் ‘அவுட்புட்’ என்று மட்டும் இருந்தால் மைக் வேலை செய்யாது, ஒலி கேட்பது, பதிவு இரண்டும் உள்ள டூப்ளெக்ஸுக்கு மாற்றுங்கள். ப்ளூடூத் ஹெட்செட் என்றால் ஹெட்செட் ப்ரொஃபைல் வேண்டும். பாட்டு கேட்பதற்கான ஏ2டிபி ப்ரொஃபைலில் பாட்டின் தரம் நன்றாக இருக்கும், மைக் இருக்காது. அடுத்து இன்புட் டிவைசஸ் தாவலில் பேசிப் பாருங்கள், பட்டை ஆட வேண்டும்.

படி 4: செயலி

பட்டை ஆடியும் பதிவாகவில்லையா? செயலியில் பதிவை ஓடவிட்டபடியே பாவுகண்ட்ரோலின் ரெக்கார்டிங் தாவலைப் பாருங்கள். நிறுத்திவிட்டால் செயலியின் பெயர் அங்கே வராது. அதில் சரியான மைக்கைத் தேர்ந்தெடுங்கள். பிரவுசர் என்றால் அந்தத் தளத்துக்கு மைக் அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.