கேசினோ விடுமுறை: ஊரையும் அறையையும் தேர்வதில் நேரும் தவறுகள்

வெள்ளிக்கிழமை இரவு பெங்களூர் ஆனந்த ராவ் சர்க்கிளில் கோவா பேருந்துகளுக்காகக் காத்திருப்போரிடையே நின்றால், அல்சூர்த் தமிழும் எலக்ட்ரானிக் சிட்டித் தமிழும் கலந்து காதில் விழும். அவர்களில் ஒரு சாரார் கோவாவின் தலைநகரான பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பல்களை நினைத்துக் கிளம்பியவர்கள். அறை வாடகையை நான்கு செயலிகளில் ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். அந்த அறையிலிருந்து ஆட்ட மேசைக்கு எவ்வளவு தூரம், எப்படிப் போவது, எப்படித் திரும்புவது என்பதை மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள். இவ்வகை விடுமுறையில் பணம் வீணாவது பெரும்பாலும் அறையைப் பதிவு செய்யும்போதே தொடங்கிவிடுகிறது.

கோவா முழுவதையும் ஒரே ஊராக எண்ணுவது முதல் தவறு. நானும் அதைச் செய்தவன்தான். பணஜியில் இரண்டு இரவுகள் கப்பலில் ஆடுவது என்று முடிவு செய்துவிட்டு, கடல் அழகாக இருக்கிறதே என்று தென்கோடியில் உள்ள பாலோலெம் கடற்கரையில் குடில் எடுத்தேன். அங்கிருந்து பணஜி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஓலா, ஊபர் வசதி கோவாவில் இல்லாததால், உள்ளூர் டாக்சியையோ கோவாமைல்ஸ் செயலியையோதான் நம்பியிருக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு பேரம் பேசும் தெம்பு யாருக்கும் இருப்பதில்லை. விமான நிலையத்திலும் இதே குழப்பம் உண்டு. 2023 ஜனவரியில் மோபா நிலையம் இயங்கத் தொடங்கியது முதல் கோவாவுக்கு இரண்டு நிலையங்கள். வடக்கே தங்குபவருக்கு மோபாவும் தெற்கே தங்குபவருக்கு டபோலிமும் வசதி. பயணச்சீட்டின் விலையை மட்டும் பார்த்து மாற்றி எடுத்தால், அந்த மிச்சம் டாக்சியில் போய்விடும். விமானம் ஒரு மணி நேரம்தான் பறக்கிறது என்றாலும், எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பெங்களூரில் வாழ்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடப் பலருக்குத் தெரியாத தவறு ஒன்று உண்டு. ஐந்து நட்சத்திர ஓட்டலிலேயே கேசினோ இருக்கிறதென்று மகிழ்ந்து, சீட்டாட்ட மேசைகளை எதிர்பார்த்து அங்கே அறை எடுப்பவர்கள் ஏமாறுகிறார்கள். கோவாவின் 1976 ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டத்துக்கு 1992இல் வந்த திருத்தம், ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் இயந்திர ஆட்டங்களை மட்டுமே அனுமதித்தது. மேசை ஆட்டங்களுக்கு 1996 திருத்தம் வழிவிட்டபோது, அவை நீரில் மிதக்கும் கப்பல்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. கேசினோக்கள் பணஜிக் கரையோரம் ஆற்றில் நிற்பதன் காரணம் அழகுணர்ச்சி அன்று, சட்டம். ஆகவே பிளாக்ஜாக் என்னும் சீட்டாட்டம், ரூலெட் என்னும் சுழல்சக்கர ஆட்டம் முதலியவற்றை ஆட விரும்புபவர் படகுத்துறையில் சிறுபடகு ஏறித்தான் ஆக வேண்டும். அவருக்கு ஏற்றது பணஜி நகருக்குள் ஓர் அறை. ஃபோன்டைன்ஹாஸ் பகுதியின் பழைய போர்த்துகீசிய வீடுகளில் நடத்தப்படும் சிறு விடுதிகளிலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போய்விடலாம், பகலில் ஆடாதவர்களுக்கும் அந்தத் தெருக்களில் பார்க்க நிறைய இருக்கிறது. நவம்பரில் பன்னாட்டுத் திரைப்பட விழா நடக்கும் நாட்களில் மட்டும் அங்கே அறை கிடைப்பது கடினம்.

குழுவில் கல்லூரி படிக்கும் தம்பியோ மருமகனோ இருந்தால், 21 வயது நிறையாதவருக்கு ஆட்டத்தளத்தில் இடமில்லை என்பதை முன்பே எண்ண வேண்டும். நால்வர் உள்ளே போக, ஐந்தாமவர் இரவு முழுதும் விடுதியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது விடுமுறை ஆகாது.

அடுத்ததுதான் பெரிய தவறு: இலவச அறைக்கும் தொகுப்புச் சலுகைக்கும் மயங்குவது. நுழைவுக் கட்டணத்தோடு உணவு, மது, சில ஆயிரம் ரூபாய்க்கான சிப் (பணத்துக்குப் பதில் மேசையில் வைக்கும் வில்லை) என்று விளம்பரம் செய்வார்கள். அந்தச் சிப்பில் பெரும்பகுதி ஒருமுறை ஆடுவதற்கு மட்டுமே உரியது; அதைப் பணமாக மாற்ற முடியாது, வென்றால் வரும் தொகையை மட்டுமே மாற்றலாம். இலவச அறையின் கணக்கு இன்னும் நுணுக்கமானது. ஒருவர் சுற்றுக்கு 1,000 ரூபாய் வைத்து, மணிக்கு 40 சுற்று வீதம் 5 மணி நேரம் ரூலெட் ஆடினால், மேசையில் அவர் வைக்கும் மொத்தத் தொகை 2,00,000 ரூபாய். எண்களோடு ஒற்றைச் சுழியம் (0) உள்ள சக்கரத்தில் கேசினோவின் பங்கு 2.7 விழுக்காடு, அதாவது 5,400 ரூபாய். இரட்டைச் சுழியம் இருந்தால் 5.26 விழுக்காடு, 10,520 ரூபாய். அன்றைக்கு அவர் வென்றாலும் தோற்றாலும், அவரிடமிருந்து நாளடைவில் வரக்கூடியது இவ்வளவு என்று கணக்கிட்டு, அதில் ஒரு பங்கைத்தான் அறையாகவும் விருந்தாகவும் திருப்பித் தருகிறார்கள். ஆகவே அறை இலவசமா என்று கேட்பதற்கு முன், சக்கரத்தில் எத்தனை சுழியம் என்று கேட்பவரே கணக்குத் தெரிந்தவர். இதன் மேல், 2025 செப்டம்பர் 22 முதல் கேசினோக்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 40 ஆகியிருக்கிறது. வென்ற தொகைக்கு 30 விழுக்காடு வருமான வரி, செஸ் என்னும் மேல்வரியைச் சேர்த்தால் 31.2, முதல் இரவில் தோற்றதை மறுநாள் வென்றதிலிருந்து கழித்துக் காட்ட வருமான வரிச் சட்டத்தில் வழியில்லை. இத்தனையும் தெரிந்த பிறகும் வென்ற பணத்தில் அறை வாடகையைக் கட்டிவிடலாம் என்று திட்டமிடுபவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு கணக்காளர்.

கேசினோவுக்காகச் சிக்கிமைத் தேர்பவர்கள் கேங்டாக்கின் குளிரை நினைக்கிறார்கள், சாலையை மறந்துவிடுகிறார்கள். பாக்டோக்ரா விமான நிலையத்தில் இறங்கி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் மலைப்பாதையில் போக வேண்டும். தீஸ்தா ஆற்றை ஒட்டிய அந்த நெடுஞ்சாலை மழைக்காலத்தில் நிலச்சரிவால் அடிக்கடி மூடப்படுவது. சனி, ஞாயிறை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகக்கூடிய இடம் அன்று.

வெளிநாடு என்றால் நம் தமிழ்க் குடும்பங்கள் உறவினர் வீட்டைக் கணக்கில் வைத்துத்தான் ஊரைத் தேர்கின்றன. சிங்கப்பூரில் அது ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. மரினா பே சாண்ட்ஸிலும் செந்தோசாத் தீவிலும் 2010இல் திறக்கப்பட்ட இரு கேசினோக்களுக்கும் வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கட்டணமின்றி நுழையலாம். ஆனால் உடன் வரும் மைத்துனர் அந்நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், 24 மணி நேரத்துக்கு 150 சிங்கப்பூர் டாலர் கட்ட வேண்டும். அவர் வாசலில் தயங்குவதைக் கருமித்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. கொழும்பு அருகில் இருக்கிறது, தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். ஆனால் பௌர்ணமி நாளான போயாவில் அங்கே மது விற்பனை கிடையாது என்பதை நாட்காட்டியில் பார்த்துக்கொள்வது நல்லது.

மலேசியாவின் கெண்டிங் மலைக்குப் போகிறவர்கள் மேலேயே, ஆட்டக்கூடத்தை ஒட்டியே தங்கிவிடுவது வழக்கம். 7,351 அறைகள் கொண்ட ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஓட்டல் அங்குதான் இருக்கிறது. வார இறுதியில் சாவி வாங்கவே வரிசையில் நிற்க வேண்டிவரும். நானாக இருந்தால் கோலாலம்பூரில் அறை எடுப்பேன். காலையில் பத்துமலையில் 272 படி ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, மதியம் கேபிள் காரில் மலைக்குப் போய், சிப் வாங்குவதற்கு முன்பே கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்கு என்று விசாரித்து, அதற்கு அரைமணி முன்னதாகக் கைப்பேசியில் அலாரம் வைத்துவிடுவேன்.