பிஸ்டன் பம்பில் கேவிட்டேஷன் அரிப்பைக் குறைக்கும் வடிவமைப்பு: படிப்படியாக

பிரித்த ஹைட்ராலிக் பம்பின் வால்வ் பிளேட்டில் (சிலிண்டர்களை உறிஞ்சும் பக்கத்தோடும் அழுத்தப் பக்கத்தோடும் மாறிமாறி இணைக்கும் தட்டு) அம்மைத் தழும்பு போன்ற குழிகள் தெரிந்தால், முதலில் கேவிட்டேஷனைச் சந்தேகியுங்கள். ஆயிலின் அழுத்தம் மிகவும் இறங்கும் இடத்தில், அதில் கரைந்திருக்கும் காற்று குமிழிகளாகப் பிரியும். மேலும் இறங்கினால் ஆயிலே ஆவியாகும். அந்தக் குமிழிகள் அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் சட்டென நொறுங்கி உலோகத்தைப் பெயர்த்துவிடும்.

உடனே கடினமான உலோகத்தைத் தேடிப் போக வேண்டாம். குமிழி பிறக்கும் இடத்தைத் திருத்துவதே முதல் வேலை. கீழுள்ளவை ஸ்வாஷ் பிளேட் வகை பம்புக்கானவை; அதில் சுழலும் சிலிண்டர் பிளாக்கில் உள்ள பிஸ்டன்களை ஒரு சாய்ந்த தட்டு முன்னும் பின்னும் நகர்த்தும்.

படி 1: ஆயில் வரும் வழி

திறந்த டேங்க் என்றால், ஆயிலை பம்புக்குள் தள்ளுவது பெரும்பாலும் வளிமண்டல அழுத்தம்தான், ஏறத்தாழ 1 பார். எல்லா இழப்பும் அதற்குள் அடங்க வேண்டும். ஆயிலை நொடிக்கு 5 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர 0.11 பார் போகும். 10 மீட்டர் என்றால் 0.43 பார். உறிஞ்சும் குழாயில் நொடிக்கு 1 மீட்டரை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 60 லிட்டர் என்றால் உள்விட்டம் சுமார் 36 மி.மீ. வரும். பம்பின் உள்வழியில் கூர்மையான திருப்பம், திடீர்க் குறுகல் கூடாது.

படி 2: சிலிண்டர் பிளாக்கின் வாய்கள்

பிளாக் சுழல்வதால், உள்ளே நுழையும் ஆயிலும் அதன் வேகத்தைப் பிடிக்க வேண்டும். 1800 ஆர்பிஎம்-இல் வாய் சுழல் மையத்திலிருந்து 35 மி.மீ. தள்ளி இருந்தால் இதற்கு 0.19 பார் வேண்டும், 28 மி.மீ.க்கு உள்ளிழுத்தால் 0.12 பார் போதும். அதனால்தான் பல வடிவமைப்புகளில் வாய்களை மையம் நோக்கிச் சாய்க்கிறார்கள்.

படி 3: வால்வ் பிளேட் காடிகள் (சிறு பள்ளங்கள்)

இங்கேதான் நிதானம் வேண்டும். உறிஞ்சி முடித்த சிலிண்டர் திடீரென அழுத்தப் பக்கம் திறந்தால், அங்கிருந்து ஆயில் பின்னோக்கிப் பாயும். 200 பார் வித்தியாசத்தில் அந்தத் தாரையின் வேகம், கணக்குப்படி, நொடிக்கு 200 மீட்டரைத் தாண்டும். அதன் ஓரங்களில் குமிழிகள் பிறந்து, எதிரே உள்ள சுவரில் நொறுங்கும்.

இரண்டு வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்துங்கள். ஒன்று, வாய் திறக்குமுன் பிஸ்டனே ஆயிலைச் சற்று அழுத்தும்படி, வால்வ் பிளேட்டில் உறிஞ்சும் பக்கத்துக்கும் அழுத்தப் பக்கத்துக்கும் இடையிலுள்ள மூடிய பகுதியை நீட்டுவது. 200 பார் ஏற, அடைபட்ட கனஅளவில் சுமார் 1.3% சுருங்கினால் போதும். மற்றொன்று, சிறிதாகத் தொடங்கி மெல்ல அகலும் வி-வடிவக் காடி. தாரை சுவரில் மோதாமல் சிலிண்டரில் உள்ள ஆயிலுக்குள் பாயும்படி அதன் திசையை அமையுங்கள். அளவு மீறினால் அழுத்தம் எகிறி இரைச்சல் கூடும். ஓர் அழுத்தத்துக்குச் சரியான காடி இன்னொன்றுக்குச் சரிவராது. பம்ப் அதிக நேரம் ஓடும் நிலையைத் தேர்ந்தெடுங்கள்.

எதிர்முனையை, அதாவது பிஸ்டன் ஆயிலைத் தள்ளி முடிக்கும் இடத்தை, மறக்கவே கூடாது. அங்கே அடைபட்ட உயரழுத்த ஆயில் உறிஞ்சும் பக்கம் திறக்கிறது; அதற்கும் காடி வேண்டும். அதற்காக மூடிய பகுதியை அளவுக்கு மீறி நீட்டினால், பின்வாங்கும் பிஸ்டன் அங்கேயே வெற்றிடத்தை உண்டாக்கும். பிஸ்டன் முழுக்க உள்ளே சென்றபின் மிஞ்சும் இடத்தைக் குறைத்தால் இரு முனைகளிலும் பாயும் ஆயில் குறையும்.

படி 4: உலோகம்

நைட்ரைடு செய்த (மேற்பரப்பில் நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்கிய) எஃகு அரிப்பைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

படி 5: சோதனை

முழு ஸ்ட்ரோக்கில் (பிஸ்டன் முழுத் தூரமும் நகரும் நிலையில்) வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். வெளிவரும் ஆயிலின் ஓட்டம் அதே விகிதத்தில் கூடாமல் பின்தங்குகிறதா? உள்வரும் அழுத்தத்தைச் சிறிது உயர்த்திப் பாருங்கள். ஓட்டம் மீண்டால் படி 1, 2-ஐத் திருத்துங்கள். ஓட்டம் சரியாக இருந்தும் காடியருகே குழி விழுந்தால் படி 3-க்குத் திரும்புங்கள்.