என்ஜின் குலுங்கினால் உடனே நாசிலைக் கழற்றாதீர்கள்

கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு விடியற்காலையில் மீன் ஏற்ற வரும் பழைய டீசல் பிக்கப்புகளில், ஸ்லோவில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) நிற்கும்போது கதவுக் கண்ணாடி வரை நடுங்கும் வண்டி ஒன்றாவது கண்ணில் படும். கேட்டால், "நாசில் போயிடுச்சுண்ணே, பம்ப் கடைக்குக் கொடுக்கணும்" என்பார்கள். பெரிய செலவு தொடங்குவதே இந்த இடத்தில்தான். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலும், அதற்கு டீசலை அழுத்தித் தள்ளும் பம்பும் கடைசியில் கை வைக்க வேண்டியவை.

முதலில் எப்போது குலுங்குகிறது என்று பாருங்கள். காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்து, சில நிமிடம் தடுமாறி, அப்புறம் சரியாகிவிட்டால் டீசல் லைனில் ஏர் பிடிக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். பலர் பைப்பைத் தடவிப் பார்த்து, "டீசல் ஒழுகவே இல்லையே" என்று விட்டுவிடுகிறார்கள். டேங்கிலிருந்து வரும் பைப்பில் பம்ப் டீசலை உறிஞ்சுகிறது. அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே வராமல் காற்றுதான் உள்ளே போகும். இரவு முழுக்க வண்டி நின்றால் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒரு அடி மாட்டி ஓடவிட்டால் குமிழி ஓடுவது தெரியும். உப்புக் காற்றில் கிளிப்புகள் சீக்கிரம் துருப்பிடிக்கும் ஊர் இது. வெடித்த ரப்பர் பைப்பையும் துருவேறிய கிளிப்பையும் மாற்ற ஆகும் செலவு சொற்பம்.

ஃபில்டரை மாற்றுவதற்கு முன் அதன் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தனியாகத் தண்ணீர் நின்றால் ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை, டேங்கையும் சுத்தம் செய்ய வேண்டும்.

இவை சரியாக இருந்தும் சூட்டிலும் மிஸ் அடித்தால், எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடியுங்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில், என்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் அரைச் சுற்று தளர்த்தி, உடனே இறுக்குவார்கள். நல்ல சிலிண்டர் என்றால் என்ஜின் சத்தம் தொய்ந்துவிடும். எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் குற்றவாளி. அந்த நாசிலைப் பக்கத்து சிலிண்டரில் மாற்றிப் போடுங்கள், புது வாஷரோடு. கோளாறும் கூடவே நகர்ந்தால் நாசில் கெட்டது. அதே இடத்தில் நின்றால் டேப்பட் இடைவெளி (வால்வை அமுக்கும் பாகத்தின் இடைவெளி), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பக்கம் போக வேண்டும். நான்கு நாசிலையும் மொத்தமாகக் கழற்றிக் கொடுத்துவிட்டால் இந்தத் தடயமே அழிந்துவிடும். இரண்டு மூன்று பாகங்களை ஒரே நாளில் மாற்றுவதும் அப்படித்தான், எது குணப்படுத்தியது என்று தெரியாது.

இதில் ஒரு எச்சரிக்கை. காமன் ரயில் என்ஜினில், ஓடும்போது நட்டைத் தளர்த்தும் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. பொலேரோ பிக்கப்பின் பிந்தைய மாடல்களில் அதுதான் இருக்கிறது. எல்லா நாசில் பைப்புகளும் தடித்த ஒரே குழாயிலிருந்து கிளம்பினால் அது காமன் ரயில். அதன் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும்; பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். ஊசி குத்திய அளவு புள்ளிதானே என்று வீட்டுக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது. பழைய பம்பிலும் கையைப் பக்கத்தில் வைக்காமல், கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். காமன் ரயிலுக்கு, கோளாறை என்ஜின் கம்ப்யூட்டரிலிருந்து படிக்கும் ஸ்கேனர்தான் வழி. அதற்கு முன் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டி நடுக்கத்தை மறைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. கோளாறு அப்படியே இருக்கும், டீசல்தான் தீரும். சைலன்சர் சத்தம் சீராக வந்தும் கேபின் மட்டும் ஆடினால் என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். 2005இல் வந்த டாடா ஏஸுக்கு இரண்டே சிலிண்டர்; கொஞ்சம் ஆடுவது அதன் இயல்பு.

புகையும் பேசும். கறுப்பு என்றால் காற்று போதவில்லை, ஏர் கிளீனரிலிருந்து தொடங்கலாம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் என்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அப்போது பண்ருட்டி லோடை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று ஓட்டாதீர்கள். வண்டியைக் கட்டி இழுத்துப் போவதற்கு ஆகும் காசு, ஹெட் வளைந்தால் ஆகும் செலவில் ஒரு மூலைக்குக் கூட வராது.