ஆம்ஸ்டர்டாமில் குடியேறியவர்கள் ஊர் சுற்ற

ஆம்ஸ்டர்டாம் பக்கம் வேலைக்கு வந்தவர்கள் பலர் முதல் சனிக்கிழமையே ஊர் முழுவதையும் பார்த்துவிடக் கிளம்புகிறார்கள். இங்கேயேதானே இருக்கப்போகிறீர்கள், மெதுவாகப் பாருங்கள்.

முதலில் கால்வாய்களின் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உள்ளிருந்து வெளியே சிங்கல், ஹேரன்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட். எல்லாம் அரைவட்டமாக வளைந்து ஒரே மாதிரி இருப்பதால் திசை குழம்பிவிடும். அப்போது வீட்டு எண்ணைப் பாருங்கள். பின்னே சொன்ன மூன்றிலும் எண்கள் வடமேற்கே பிரவுவர்ஸ்கிராக்ட் என்ற கால்வாய்ப் பக்கம் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். ஒற்றைப்படை எண்கள் நகர மையத்தை ஒட்டிய கரையில் இருக்கும். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் சமாளிக்கலாம்.

ட்ராமில் பேங்க் கார்டைத் தட்டியே ஏறலாம். இறங்கும்போதும் மறக்காமல் தட்டுங்கள், இல்லாவிட்டால் கட்டணம் கூடுதலாகப் பிடிப்பார்கள். ஏறும்போது போனில் தட்டிவிட்டு இறங்கும்போது கார்டில் தட்டினால் கணக்கு சேராது. ஆளுக்கொரு கார்டு வேண்டும், தம்பதியாகப் போனாலும்தான்.

சைக்கிளை முதல் வாரமே மையப்பகுதிக்குக் கொண்டுபோகாதீர்கள். ட்ராம் தண்டவாளத்தில் சக்கரம் சிக்கும்; குறுக்காகத்தான் கடக்க வேண்டும். ஓட்டும்போது போனைக் கையில் பிடித்திருந்தால் அபராதம், இரவில் விளக்கு இல்லாவிட்டாலும் அபராதம். நடப்பவர்களும் சிவப்புத் தார் போட்ட பாதையில் நின்று படம் எடுக்க வேண்டாம். அது சைக்கிள் பாதை, மணி அடித்துத் திட்டுவார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம்.

அருங்காட்சியகங்களில் ஆர்வம் உண்டென்றால் மியூசியம்கார்ட் என்ற ஆண்டு அட்டையை வாங்கிவிடுங்கள். ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு அந்த அட்டை இருந்தாலும் நேரம் முன்பதிவு செய்ய வேண்டும். ஆறு வாரத்துக்குப் பிந்தைய தேதிகளின் டிக்கெட்டை செவ்வாய்க்கிழமைதோறும் இணையத்தில் விடுவார்கள், வாசலில் கிடைக்காது.

நம்மவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது அவுடே ஹோக்ஸ்ட்ராட் தெருவில் இருக்கும் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய தலைமையகம். பழவேற்காட்டில் கோட்டை கட்டி, 1658-இல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்த கம்பெனி இதுதான். இப்போது பல்கலைக்கழகம் அங்கே இயங்குகிறது. பெரிய விளம்பரம் எதுவும் இல்லாததால் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

அப்பா அம்மா ஊரிலிருந்து வந்தால் உடனே காசு கொடுத்துப் படகுச் சவாரிக்குக் கூட்டிப்போக வேண்டியதில்லை. சென்ட்ரல் ஸ்டேஷனின் பின்புறம் போனால் ‘ஐ’ (IJ) என்ற நீர்ப்பரப்பைக் கடக்கும் ஃபெர்ரி இலவசம், சைக்கிளையும் ஏற்றலாம். பழைய கப்பல் கட்டும் தளமான என்.டி.எஸ்.எம். (NDSM) துறைக்குப் போகும் படகில் ஏறுங்கள், அதில்தான் பயணம் சற்று நீளம். காற்று பலமாக அடிக்கும், அம்மாவுக்கு ஒரு குல்லா எடுத்துக்கொள்ளுங்கள்.