வேர்நுனியில் நிற்கும் காவல்

நாற்று கழுத்தில் சுருங்கிச் சாய்ந்தால் உடனே பூஞ்சைக்கொல்லியைத் தேடுவது என் பழக்கமாக இருந்தது. அதை மாற்றியது ஒரு முளைவிட்ட பட்டாணி.

நீங்களும் செய்து பாருங்கள். ஈரக் காகிதத்தில் பட்டாணியை முளைக்கவிட்டு, வேர் ஓர் அங்குலம் நீண்டதும் நுனியை ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். சற்று நேரத்தில் நுனியைச் சுற்றி மெல்லிய மூட்டம் பிரியும். அது அழுக்கு இல்லை. வேர்நுனியைத் தொப்பிபோல் மூடியிருக்கும் வேர்மூடி உதிர்க்கும் உயிருள்ள செல்கள், ஆயிரக்கணக்கில்! மண்ணில் இவை பசையையும் டி.என்.ஏ. இழைகளையும் வெளியே விடுகின்றன. நோய்க்கிருமி அந்த வலையில் சிக்குகிறது. நம் ரத்த வெள்ளையணுக்களும் இப்படித்தான் வலை வீசுகின்றன. இதைப் பார்த்தபின் நாற்றைப் பிடுங்கவே எனக்குக் கை வரவில்லை.

அதனால் நடும்போது பிடுங்காதீர்கள். முதலில் தண்ணீர் விட்டு, வேரைப் பிடித்திருக்கும் மண்ணோடு சேர்த்து எடுங்கள். அறுந்த வேர் வாடல் பூஞ்சைக்குத் திறந்த வாசல்.

அடுத்தது தண்ணீர். என் நாற்றுகள் அதிகம் செத்தது இதனால்தான். நாற்றழுகலை உண்டாக்கும், பூஞ்சை போன்ற பித்தியம் என்ற கிருமியின் வித்துகள் மண்ணில் தேங்கிய நீரில் நீந்தியே வரும். மூச்சுமுட்டிய வேரிலிருந்து சர்க்கரையும் ஆல்கஹாலும் கசியும். அந்த வாசனையே அவற்றுக்கு வழிகாட்டி. விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். மேல்மண் காயாமல் மறுபடி ஊற்ற வேண்டாம். நாற்றுத் தட்டின் அடியில் துளை கட்டாயம்.

அப்புறம், வேர் தனக்கு வேண்டிய நுண்ணுயிர்களைச் சர்க்கரை கொடுத்துத் தானே வளர்க்கும். நாம் கொஞ்சம் கூட்டிக்கொடுக்கலாம். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். நன்றாக மக்கிய உரத்திலும் கலக்கலாம். இது வேரழுகல் பூஞ்சையின் இழையைச் சுற்றி வளைத்துத் தின்றுவிடும். ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடு மட்டும் சேர்க்காதீர்கள், இதுவும் செத்துப்போகும்.

இவ்வளவும் செய்து ஒரு செடி வாடினால், தண்டை அடியில் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் பூஞ்சை நீர்க்குழாய்க்குள் போய்விட்டது, இனி அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. வேர்மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போடவே போடாதீர்கள்.